சிதம்பரத்து நிமிடம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். போன மாதம் ஓய்வு பெற்றவனைக் கேட்டால் மறுக்க மாட்டான் என்பது அவர்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யும் தொழிலில் ஓய்வு பெறும் வயதுவரை இருந்தவர்கள் குறைவு. நான் இருந்துவிட்டதற்குக் காரணம் திறமை இல்லை. சேர்ந்ததே நாற்பத்தைந்து வயதுக்குமேல்தான்.

அதற்கு முன்னால் சிதம்பரத்தில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தேன். டிவி தட்டையாக ஆனதும், கெட்டுப்போனால் ஜனங்கள் ரிப்பேருக்குக் கொண்டுவராமல் புதிதாக வாங்க ஆரம்பித்தார்கள். நானும் சண்டை போடாமல் கடையைக் காலி செய்துவிட்டேன். அந்தச் சமயம் வடக்கு வீதியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இரண்டே அறைகளில் ஒரு கம்பெனி தொடங்கியிருந்தது. முதலாளி பரங்கிப்பேட்டைக்காரர். வளைகுடாவில் கப்பல் பழுது பார்க்கும் தளத்தில் பதினைந்து வருஷம் வேலை பார்த்துவிட்டு லீவில் வந்திருந்தார். நான் அவரைப் பாய் என்று கூப்பிடுவேன். இங்கேயும் பாய் என்றே சொல்கிறேன்.

ஒரு வெளிநாட்டு கம்பெனிக்கு பிரவுசரில் ஓடும் விளையாட்டு ஒன்றைச் செய்து கொடுக்க பாய் ஒத்துக்கொண்டிருந்தார். நடுக்கடலில் ஒரு கப்பல். அதில் வரிசையாக ஏதாவது கெட்டுப்போகும். குழாய் வெடிக்கும், ஒயர் அறும், அடித்தட்டில் ஓட்டை விழும். ஒவ்வொரு பழுதும் ஒரு புதிர். துண்டுகளைச் சரியாகச் சேர்த்து ஒரு நிமிடத்துக்குள் சரிசெய்ய வேண்டும். தவறினால் கப்பல் போய்விடும். ரிப்பேர் சம்பந்தப்பட்ட விளையாட்டு என்பதால் ரிப்பேர்காரன் ஒருவன் வேண்டும் என்று பாய் நினைத்தார். அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது.

என் அனுபவம் அங்கே எதற்கும் உதவவில்லை. உண்மையான ரிப்பேரில் முக்கால்வாசி நேரம் ஸ்பேர் வருவதற்காகக் காத்திருப்பதிலேயே போகும். மீதி நேரத்தில், "நேத்து வரைக்கும் நல்லாதான ஓடிச்சி" என்று கஸ்டமர் பின்னால் நின்று சொல்லிக்கொண்டிருப்பார். அப்படி ஒரு ஆளை விளையாட்டிலும் நிறுத்தலாம் என்று யோசனை சொன்னேன். ஏற்கவில்லை. அதன் பிறகு செய்த விளையாட்டை விளையாடிப் பார்த்து, எங்கே தப்பு என்று சொல்லும் வேலையைக் கொடுத்தார்கள்.

கம்பெனியின் மூன்றாவது ஆள் புரோகிராமர். காடாம்புலியூர் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருந்த குடும்பத்துப் பெண். என்னைவிட இருபது வயதாவது சின்னவர். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தது. பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. முதல் நாள் அவரை "பாப்பா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. தப்பாகக் கூப்பிட்டுவிட்டோமே என்று "மேடம்" என்றேன். அதற்கும் திரும்பவில்லை. காதில் ஹெட்போன் இருந்தது. மேடம் என்பதே நிலைத்துவிட்டது.

விளையாட்டை முடித்து அனுப்பினோம். நான் எல்லாக் கட்டங்களையும் விளையாடி, கப்பலைப் பலமுறை கரை சேர்த்திருந்தேன். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. அவர்கள் ஆபீஸில் ஒருவராலும் மூன்றாவது கட்டத்தைத் தாண்ட முடியவில்லையாம். "இதைச் சோதித்துப் பார்த்தவர் அபாரமான மூளைக்காரராக இருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தார்கள். பாய் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு மத்தியானம் மூன்று பேருக்கும் பிரியாணி வாங்கிவந்தார். நானும் சாப்பிட்டேன். மேடம் மட்டும் பொட்டலத்தைப் பிரிக்காமல் அந்தக் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒங்க வாட்ச கொஞ்சம் கழட்டிக் குடுங்க."

கொடுத்தேன். அதைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விளையாட்டை ஓடவிட்டார். என் வாட்சில் ஒரு நிமிடம் முடிந்துவிட்டது. கப்பலில் இன்னும் நேரம் இருந்தது. நிறைய இருந்தது.

காரணம் இதுதான். திரையில் படம் எத்தனை தடவை மாறுகிறது என்று எண்ணித்தான் எங்கள் விளையாட்டு நேரம் பார்த்தது. எங்களிடம் இருந்தவை பழைய மெஷின்கள். படம் நிதானமாக மாறியது, அதனால் கடிகாரமும் நிதானமாக ஓடியது. வெளிநாட்டு மெஷினில் ஒரு நிமிடம் என்பது ஒரு நிமிடம். சிதம்பரத்தில் அது கிட்டத்தட்ட ஒன்றரை. நான் மூளைக்காரன் இல்லை என்பது அன்று மத்தியானம் உறுதியானது.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கடிகாரத்தை எழுதியவர் மேடம் இல்லை. அவருக்கு முன்னால் இருந்து, வேலையை விட்டுப் போன ஒருவர். அதை மேடம் ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். "கடிகாரம் தப்பா ஓடுது சார், மாத்தணும்" என்று மட்டும் பாயிடம் சொன்னார். யார் எழுதியது என்பது எனக்கே பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. தப்பைக் கண்டுபிடித்த அன்று எல்லோருக்கும் ஊர்ப்பட்ட வேலை இருக்கும். யார் செய்தது என்ற விசாரணை அந்த வேலைகளில் ஒன்று இல்லை.

திங்கட்கிழமைக்குள் சரிசெய்து அனுப்பினால் பார்க்கிறோம், இல்லாவிட்டால் வேறு இடத்தில் செய்துகொள்கிறோம் என்று அந்த கம்பெனி எழுதியது. அதே திங்கட்கிழமைதான் பாய்க்கும் கெடு. வளைகுடா விசாவோடு ஊருக்கு வந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் திரும்பிப் போகாவிட்டால் விசா செத்துவிடும். அவருடைய ஆறு மாதம் திங்களோடு முடிகிறது. இந்த விளையாட்டு பாஸானால் தொடர்ந்து வேலை வரும், ஊரிலேயே இருந்துவிடலாம். இல்லையென்றால் பழைய வேலைதான். டிக்கெட் எடுத்துவைத்திருந்தார்.

"ஒரு நிமிசத்த ரெண்டாக்கிடும்மா. எல்லாரும் ஜெயிச்சிட்டுப் போவட்டும், நமக்கென்ன நட்டம்?" என்றார் பாய்.

"எல்லாரும் ஜெயிச்சா ரெண்டு தடவ ஆடிட்டு மூடிருவாங்க சார். அது மூணாவது கட்டத்துலயே தோக்கறத விட மோசம்."

"அப்ப எவ்ளோதான் வெக்கிறது?"

"தெரியல. நம்ம மெஷின்ல பாத்துச் சொல்ல முடியாது. புது மெஷின் வேணும். இத இதுவரைக்கும் ஆடாத ஆளுங்களும் வேணும்."

புது மெஷின் கடலூர் முதுநகரில் இருந்தது. தனம் என்பவர் அங்கே ஒரு பிரவுசிங் சென்டர் நடத்திவந்தார். தேவனாம்பட்டினத்து மீனவக் குடும்பம். வீட்டுக்காரர் போட்டில் போகிறவர். அவர்கள் வீட்டு டிவியை ஒரு காலத்தில் நான் சரிபண்ணிக் கொடுத்த பழக்கம். அந்த மாதம்தான் தனம் கடைக்கு எல்லாமே புது மெஷினாக வாங்கிப் போட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேடமும் நானும் பஸ் ஏறினோம். விளையாட்டைத் திருத்துவதற்கான சாப்ட்வேர் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றில் மட்டுமே இருந்ததால், அதன் சிபியூவைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் போர்வையைத் தொட்டுப் பார்த்து, "என்னாங்க இது, மிக்ஸியா?" என்றார். ஆமாம் என்றேன். மிக்ஸி என்றால் லக்கேஜ் டிக்கெட் இல்லையாம்.

தனம் எங்களுக்கு இரண்டு கேபின் ஒதுக்கினார். ஒரு நிபந்தனையும் வைத்தார்.

"வர்றவங்கள நானே ஒக்கார வெக்கறேன். ஓசின்னு மட்டும் வாயத் தொறந்துடாதீங்க. நாளைக்கும் ஓசியில ஆடணும்னு வந்து நிப்பானுங்க."

விண்ணப்பம் போட வந்த காலேஜ் பெண்கள், கல்யாணப் பத்திரிகை அச்சுக்கு மெயில் அனுப்ப வந்த மாப்பிள்ளை, மழைக்கு ஒதுங்கிய ஒரு போலீஸ்காரர் என்று ஒவ்வொருவரையாகத் தனம் அனுப்பிவைத்தார். கடிகாரத்தை மேடம் முந்தின நாளே சரிசெய்துவிட்டார். நேரத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எல்லோரும் தோற்றார்கள். போலீஸ்காரர் மூன்று தடவை தோற்றுவிட்டு, கப்பலைச் செய்தவன் சரியில்லை என்று சொல்லிவிட்டு மழையிலேயே போனார்.

தோற்கிறார்கள் என்பதை நான் எழுதிக்கொண்டிருந்தேன். மேடம் எதுவும் எழுதவில்லை. திரையையும் பார்க்கவில்லை. விளையாடுகிறவர்களுடைய கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்தார். சிங்கப்பூரில் இருக்கும் புருஷனோடு பேச வந்தவர். அங்கே அவர் இன்னும் ஷிப்ட் முடிந்து வரவில்லை, அதுவரை ஆடுகிறேன் என்று உட்கார்ந்தார். அவ்வளவு அழகாக யாரும் ஆடி நான் பார்த்ததில்லை. குழந்தையை ஒரு கையில் பிடித்துக்கொண்டே துண்டு துண்டாகக் குழாயை இணைத்துக்கொண்டு வந்தார். இரண்டே துண்டு பாக்கி. நேரமும் இருந்தது. அப்போது, நேரம் முடியப்போகிறது என்பதற்கான சைரன் விளையாட்டில் அடித்தது. திரை சிவந்தது. அவர் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டுக் குழந்தையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். கப்பல் போய்விட்டது.

"ஏன் விட்டுட்டீங்க?" என்றார் மேடம். "நேரம் இருந்துச்சே."

"இருந்துச்சா? அந்தச் சத்தம் கேட்டதும் கை ஓடல. புள்ளதான் நெனப்பு வந்துச்சி."

கல்லாவிலிருந்தே தனம் சொன்னார்: "அப்ப சத்தத்த அமுத்திட்டு ஆடவுடு. இதுக்கு எதுக்கு இம்மாம் யோசன?"

ஸ்பீக்கரை அணைத்தோம். மறுபடி ஆடினார். ஜெயித்தார். அடுத்த கட்டமும் ஜெயித்தார். பிறகு வந்தவர்களில் பாதிப்பேர் ஜெயித்தார்கள், பாதிப்பேர் தோற்று, மறுபடி ஆடக் கேட்டார்கள். எங்களுக்கு வேண்டியது அதேதான். நேரம் போதுமானதாகவே இருந்திருக்கிறது. கடைசிக் கால் பங்கை சைரன் தின்றுகொண்டிருந்தது. பழைய மெஷினில் சிரமப்படாமல் அதற்கு முன்பே முடித்துவிட்டதால் நான் ஆபீஸில் சைரனைக் கேட்டதே இல்லை.

சைரனை எடுத்துவிடலாம் என்றால் அதில் ஒரு சங்கடம். அது பாய் கொண்டுவந்தது. வளைகுடாவில் அவர் வேலை பார்த்த தளத்தின் நிஜ சைரன். செல்போனில் பதிவுசெய்து வைத்திருந்தார். மொத்த விளையாட்டில் அவர் கைப்பட்டது அது ஒன்றுதான். கேட்காமல் எடுக்க மேடத்துக்கு மனசு வரவில்லை. போன் போடச் சொன்னார். நான் எண்ணை அழுத்தும்போது கரண்ட் போய்விட்டது.

அந்த வருஷங்களில் கரண்ட் போவது செய்தி இல்லை. ஆனால் அன்றைக்குப் போக வேண்டிய நேரம் அது இல்லை. போன பிறகு எப்போது வரும் என்று மின்சார வாரியத்துக்கே தெரியாது. தனம் ஒவ்வொரு கேபினாகப் போய் மற்ற மெஷின்களை அணைத்தார். எங்கள் சிபியூவும் அதற்குப் போட்டிருந்த திரையும் இன்டர்நெட் மோடமும் மட்டும் யுபிஎஸ்ஸில் ஓடின. யுபிஎஸ் கீச், கீச் என்று கத்தத் தொடங்கியது. அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று தனத்தைக் கேட்டேன்.

"யாரு பாத்தா? கரண்ட் போனா எல்லாரையும் எழுப்பி அனுப்பிருவேன்."

மேடம் உட்கார்ந்து திருத்தத் தொடங்கினார். நான் பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"அந்த சைரன் அடிச்சா நாங்க என்னா பண்ணுவோம் தெரியுமா?" என்றார்.

"என்ன பாய்?"

"கையில உள்ளத கீழ போட்டுட்டு மெயின் கேட்டுக்கு ஓடுவோம். ஒருத்தனும் ஒண்ணத்தயும் ரிப்பேர் பண்ணுனதில்ல. அது ஓடுறதுக்கு அடிக்கிற சைரன். அத போயி ரிப்பேர் பண்றவன் காதுல வச்சிருக்கேன் பாருங்க." பிறகு, "எடுத்துருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

திரும்பிப் பார்த்தால் மேடம் தப்புத் தப்பாக அடித்து அழித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கீச்சுக்கும் தோள் ஒரு தூக்குத் தூக்கியது. நான் அவரைப் பதறவேண்டாம் என்று சொல்லவில்லை. பதறுகிறவரிடம் அதைச் சொல்லி யாருக்கும் குணமானதாகத் தெரியவில்லை. தனத்திடம் ஸ்க்ரூடிரைவர் கேட்டேன். யுபிஎஸ் மூடியைத் திறந்து, கத்துகிற அந்தச் சின்னக் கறுப்பு வில்லையை நெம்பி எடுத்தேன். பிக்சர் டியூப் டிவிகளைத் திறந்து பழகிய கை என்பதால் செய்தேன். நீங்கள் செய்யாதீர்கள்.

கடை அமைதியானது. வெளியே மழை பெய்வது அப்போதுதான் கேட்டது.

"இனிமே எப்ப நிக்கும்னு தெரியாதே அண்ணே" என்றார் மேடம்.

"கத்துனப்பவும் தெரியலியே மேடம்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் விரல்கள் நிதானப்பட்டன. செய்ய வேண்டியவை மூன்று இருந்தன. சைரனை எடுப்பது. சில கட்டங்களின் வரிசையை மாற்றுவது. முகப்பில் ரிப்பேர் என்ற ஆங்கில வார்த்தையில் இரண்டு எழுத்து இடம் மாறிக் கிடந்ததைத் திருத்துவது. கடைசித் தப்பு மிகவும் அசிங்கமானது. பெரிய எழுத்தில், நட்ட நடுவில் இருந்தது. எனக்கு அதைத்தான் முதலில் திருத்த வேண்டும் போலிருந்தது. அதைச் சொன்னேன்.

"அத பாத்தா சிரிப்பாங்க. சைரன கேட்டா போயிருவாங்க" என்றார். சைரனை மட்டும் எடுத்தார். கடைசி நேரத்தில் திரை கொஞ்சம் மங்கும்படி செய்தார், அவ்வளவுதான். மற்ற இரண்டையும் தொடவில்லை. "அனுப்பறேன்" என்றார். அனுப்பினார். அந்தக் காலத்து இன்டர்நெட்டில் ஒரு பைல் போய்ச் சேருவது பிரசவம் மாதிரி. பக்கத்தில் நின்று பார்ப்பதைத் தவிர யாரும் எதுவும் செய்ய முடியாது. தனம் டீ வாங்கிவரச் செய்தார். போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகு நாங்கள் டீ குடித்தோம். சிபியூவைப் போர்வையில் சுற்றுவதற்காக அணைக்கப் போனேன். யுபிஎஸ் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தனம் அதையும் அந்த மாதம்தான் புதிதாக வாங்கியிருக்கிறார். நாங்கள் பஸ் ஏறும்வரை ஓடியது என்று பிறகு சொன்னார். மூன்று வேலையையும் சாவகாசமாகச் செய்திருக்கலாம். அந்த விளையாட்டு இணையத்தில் இருந்த கடைசி நாள்வரை முகப்பில் எழுத்துப்பிழையோடுதான் இருந்தது. இதற்காக மேடம் எடுத்த முடிவு தப்பு என்று நினைக்காதீர்கள். எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு சரியான முடிவு எடுக்க யாராலும் முடியும்.

திங்கட்கிழமை காலையில் பாய் ஆபீஸுக்கு வந்தார். மத்தியானம் சென்னைக்குக் கார் சொல்லியிருந்தார். ராத்திரி பிளைட். வெளிநாட்டுக்காரர்கள் பதிலை மறுநாள் சொல்வதாக எழுதியிருந்தார்கள். அதாவது விசா சாவதற்கு முன்னால் பதில் வராது.

"பாஸாயிருமா?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியல பாய்."

மேடத்தைப் பார்த்தார்.

"தெரியாது சார்."

"ரெண்டு பேர்ல ஒருத்தராவது ஒரு பொய் சொல்லக்கூடாதா?" என்றார். நாங்கள் சொல்லவில்லை. எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் மேடம் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் என் பொய்யும் வரவில்லை. பாய் சாவியை என்னிடம் கொடுத்தார். மாடிப்படியில் இறங்கும்போது ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்கினார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆபீஸைத் திறக்கப் போனால் மருந்துக்கடை வாசலில் பாய் நின்றுகொண்டிருந்தார். நேற்றுப் போட்டிருந்த அதே வெள்ளைச் சட்டை. நான் சாவியை நீட்டினேன். வாங்கித் திறந்தார். ஜன்னலைத் திறந்துவிட்டார். ஃபேனைப் போட்டார். மேடம் வந்து, அவரைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்தார். நான்தான் கேட்டேன்.

"போகலியா பாய்?"

"கார் வந்து வாசல்ல நின்னிச்சி. பெட்டியையும் ஏத்தியாச்சி. எம் மவ பெட்டிய எண்ணிக்கிட்டு நின்னா. அழுவல. பழக்கம் அவளுக்கு." நாற்காலியில் உட்கார்ந்தார். "நான் அங்க இருந்தா இந்தப் பதிலு எனக்கு எப்புடி வரும் சொல்லுங்க. நீங்க போன் பண்ணுவீங்க. பதினஞ்சு வருசமா எனக்கு எல்லாச் சேதியும் போன்லதான் வந்திச்சி. மவ பொறந்த சேதி. உம்மா மவுத்தான சேதி. நல்லதோ கெட்டதோ, இந்த ஒண்ணையாச்சும் நேர்ல இருந்து கேட்டுக்கிறேன்னு பெட்டிய எறக்கிட்டேன்."

விசா போய்விட்டதா என்று நாங்கள் கேட்கவில்லை. போய்விட்டிருந்தது.

பதினொரு மணி வாக்கில் மெயில் வந்தது. பாய்க்கு இங்கிலீஷ் வாசிக்க வரும். ஆனால் அன்று, "நீ படிம்மா" என்றார். மேடம் முதலில் கண்ணால் ஓட்டினார். அவர் முகத்தில் எதையும் கண்டுபிடிக்க முடியாது என்பதால் நான் முயற்சி செய்யவில்லை. பிறகு உரக்கப் படித்துத் தமிழில் சொன்னார். ஆபீஸில் எல்லோரும் விளையாடினார்கள். பலர் ஐந்தாவது கட்டத்தில் இருக்கிறார்கள். வேலையை நிறுத்திவிட்டு ஆடுவதாக மேலாளர் குறைபட்டுக்கொண்டார். ஏற்றுக்கொள்கிறோம். இதேபோல் அடுத்ததற்கு எப்போது பேசலாம்? ஒரே ஒரு குறை. கப்பலில் ஏன் சைரன் இல்லை? ஒரு சைரன் வைத்தால் நன்றாக இருக்கும்.

மேடம் அந்த இடத்தில் நிறுத்தினார்.

"எல்லாத்தயும் படி" என்றார் பாய்.

வணக்கம் சொல்லியிருந்ததைப் படித்தார். அனுப்பியவருடைய பெயரையும் பதவியையும் படித்தார். இந்த மெயில் உங்களுக்குத் தவறுதலாக வந்திருந்தால் அழித்துவிடவும் என்று அடியில் பொடி எழுத்தில் போடுவார்களே, அதையும் படித்தார். பாய் கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிவாசலில் பயான் கேட்கிற மாதிரி கடைசி வரி வரை கேட்டார்.

"இன்னொரு வாட்டி படிம்மா" என்றார்.